மூன்று கல், ஒரு சொல்

லிங்கேஸ்வரன் நாற்காலியில் உட்காரவில்லை. அதன் நுனியில் தொற்றிக்கொண்டிருந்தான். இடக்கை மணிக்கட்டில் கிடந்த வாட்சை வலக்கையால் திருகிக்கொண்டே இருந்தான். மேசை மேல் அவன் வைத்த துணிப் பொட்டலத்தை மூன்று பேரும் பார்த்தார்கள். யாரும் தொடவில்லை.

"அக்கா, வெள்ளிக்கிழமை எனக்கு பிளைட்டு. அதுவரைக்கும் உயிரோட இருப்பனான்னு தெரியல."

இராஜபாளையத்தில் தென்காசி சாலையை ஒட்டிய மாடி அது. கீழே சைக்கிள் கடை. மேலே கனகலட்சுமியின் மொழிபெயர்ப்பு அலுவலகம். பதினோரு ஆண்டுகள் மஸ்கட்டில் நர்ஸாக இருந்துவிட்டு வந்தவள் அவள். அரபி படிக்கத் தெரியும். முதலில் விசாக் காகிதங்கள் மட்டும் வந்தன. பிறகு போலி ஏஜெண்டுகள், காணாமல் போன புருஷன்கள், போலீசிடம் சொல்ல முடியாத சங்கதிகள் என்று ஒவ்வொன்றாக அந்தப் படியேறி வந்தன. அவள் எதற்கும் குரல் உயர்த்துவதில்லை. தட்டச்சுக்கும் பைக் ஓட்டவும் பெலிக்ஸ் இருந்தான். முப்பது வயது. எந்த வழக்கிலும் முதல் கால் மணி நேரத்தில் ஒருவனைக் குற்றவாளியாக்கிவிடுவான்.

"மொதல்ல இருந்து சொல்லுங்க தம்பி," என்றாள் கனகலட்சுமி.

அவன் கொத்தனார். நான்கு வருஷமாக ஓமானில் வேலை. பாலைவனத்தில் ஒரு மலையடிவாரம். அங்கே ஐயாயிரம் வருஷத்துக் கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. சிமெண்டும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. கல்லின் மேல் கல், தேன்கூடு போல வட்டமாக. அவற்றுக்குக் கீழே மலைக்குள்ளிருந்து தண்ணீர் கொண்டுவரும் பழைய சுரங்க வாய்க்கால். பலஜ் என்பார்கள். எல்லாமே பாதுகாக்கப்பட்ட இடம். கம்பி வேலிக்குள் ஒரு கூழாங்கல்லைக்கூட இடம் மாற்றக் கூடாது. சரிந்த கல்லை எடுத்தால் எண் போட்டு, படம் பிடித்து, அதே இடத்தில்தான் வைக்க வேண்டும்.

"காவலுக்கு சாலிம்னு ஒரு பெரியவரு. தெனம் காலைல கல்லறைக்குப் போற பாதையில மூணு கல்லை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிட்டுப் போவாரு. விழுந்து கெடந்தா யாரோ உள்ள போயிருக்காங்கன்னு அர்த்தம். இங்கிருந்து கல்லை எடுத்தவன் வீட்டு வாசல்ல இந்த மூணும் வந்து நிக்கும்னு சிரிச்சிக்கிட்டே சொல்லுவாரு."

"நீங்க எடுத்தீங்களா?"

வாட்சைத் திருகிய கை நின்றது. பிறகு மறுபடி திருகியது.

"எடுத்தேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒண்ணு. சூட்கேசுக்கு அடியில கைலிக்குள்ள சுத்திக் கொண்டாந்தேன். ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல. பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல."

ஏன் எடுத்தாய் என்று கேட்க பெலிக்ஸ் வாயைத் திறந்தான். கனகலட்சுமியின் விரல் மேசையில் லேசாகத் தட்டியது. அவன் வாயை மூடிக்கொண்டான்.

ஊருக்கு வந்த முதல் வாரம் ஒன்றுமில்லை. இரண்டாம் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, விடிந்தும் விடியாத நேரம். மனைவி பாண்டீஸ்வரி பேண்டேஜ் துணி நெய்யும் மில்லில் நைட் ஷிப்ட் முடித்து வருவாள். அவளுக்காகக் கதவைத் திறந்தான். அவள் வாசலில் வெளிறிப்போய் நின்றாள். வாசற்படியில் மூன்று கல், ஒன்றின் மேல் ஒன்றாக.

"தெருப் பிள்ளைக வெளையாட்டுன்னு அவகிட்டச் சொல்லிட்டேன். எனக்கு ஈரக்கொலை நடுங்கிப்போச்சு."

மூன்றாம் வாரம் அமைதி. நான்காம் வாரம் அவனால் தாங்க முடியவில்லை. வத்திராயிருப்பு பஸ் ஏறிப் பிளவக்கல் அணைக்குப் போனான், கல்லைத் தண்ணீரில் போட்டுவிட. போட மனம் வராமல் அதைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டான். மறுநாள் விடியற்காலை வாசல் கொண்டியில் இந்தப் பொட்டலம் தொங்கியது.

"உள்ள என்ன?"

"சாம்பிராணி. ஓமான் சாம்பிராணி. அங்க செத்தவங்களுக்குப் போடுவாங்க."

கனகலட்சுமி பொட்டலத்தை எடுத்தாள். வெள்ளை வலைத்துணி, ஆஸ்பத்திரிக் கட்டுத் துணி. வாயைப் பருத்தி நூலால் கட்டியிருந்தது. கடுகளவு முடிச்சு, நுனி ஒட்ட வெட்டியிருந்தது. அவள் முடிச்சை அவிழ்க்கவில்லை. கத்தரியை எடுத்து அடிப்பக்கம் துணியை வெட்டினாள். நர்ஸ் பழக்கம் போலும் என்று பெலிக்ஸ் நினைத்தான். பச்சை கலந்த வெள்ளைக் கட்டி ஒன்று மேசையில் உருண்டது. இதை யாருக்கெல்லாம் கொடுத்தான் என்று கேட்டாள். கொண்டுவந்த ஒரு டின் சாம்பிராணி சொந்தக்காரர், அக்கம்பக்கம் என்று பத்து வீட்டுக்குப் போயிருந்தது.

"மூணாவது?"

"நேத்து. திங்கக்கிழமை. வெளிய அவ அலறுனா. கதவைத் திறந்தேன். கதவுல செங்கலால எழுதியிருக்கு, அரபியில. அந்தக் கம்பி வேலியில மாட்டியிருந்த பலகை எழுத்து. எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா நாலு வருசம் பாத்த எழுத்து." அவன் குரல் இறங்கியது. "அங்கிருந்து யாரோ வந்துருக்காங்க அக்கா. இல்லேன்னா, வந்தது ஆளே இல்ல."

ஜன்னலுக்கு வெளியே டவுன் பஸ் ஹாரன் அடித்தது. பெலிக்ஸ் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

*

முடங்கியார் சாலைக்கு உள்ளே ஒரு தெருவின் கடைசி வீடு. பக்கவாட்டில் புதிய அறை ஒன்று இடுப்பளவு எழும்பி நின்றது. செங்கல் குவியல், மணல், கவிழ்த்துப் போட்ட சாந்துச் சட்டி.

கதவில் அந்தச் சொல் இருந்தது. ஒரு முழ நீளம். நெளிவும் வளைவுமாக, ஒரே ஒரு புள்ளியுடன். நண்பகல் வெயிலிலும் அதைப் பார்க்கப் பெலிக்ஸுக்குப் பிடிக்கவில்லை. படம் எடுத்துக்கொண்டு விலகி நின்றான். கனகலட்சுமி நெருங்கி, கிட்டத்தட்ட மூக்கு உரசும்படி பார்த்தாள்.

"இடப்பக்கம் கோடு கனம். செங்கப் பொடி உதிர்ந்திருக்கு. வலப்பக்கம் போகப் போகத் தேஞ்சிருக்கு," என்று மட்டும் சொன்னாள். அதைப் படித்துக் காட்டவில்லை.

பாண்டீஸ்வரி கதவைத் திறந்தாள். தூக்கம் இல்லாத கண்கள். முடியில் பஞ்சுத் துகள் இன்னும் ஒட்டியிருந்தது. "வாங்க. உக்காருங்க. அவிய மூணு நாளாச் சோறே திங்கல. நீங்களாவது சொல்லுங்க, இந்த நேரத்துல அங்கிட்டுப் போக வேண்டாம்னு."

"நீங்க எப்ப வேலைக்குப் போறீங்க?"

"ஒரு வாரம் பகல், ஒரு வாரம் நைட்டு. இது நைட்டு வாரம். சாயங்காலம் வேன் வரும். காலைல ஆறு மணிக்குத் தெருமுனையில எறக்கிவிடும்."

கூடத்துச் சுவரில் சட்டம் போட்ட படம் ஒன்று. பாலைவன வெயிலில் லிங்கேஸ்வரன் பல் தெரியச் சிரித்தான். கையை நெஞ்சில் வைத்திருந்தான். வாட்ச் வலக்கையில் பளபளத்தது. அவன் தோளுக்கு அப்பால் ஏதோ சிவப்பாக ஓர் ஓரம், வெட்டுப்பட்டு நின்றது.

"நல்ல படம்," என்றாள் கனகலட்சுமி.

"எங்க கல்யாண நாளு அன்னைக்கு நானே எடுத்து இவளுக்கு மட்டும் அனுப்பினேன்," என்றான் லிங்கேஸ்வரன். "என் மச்சினன் மாரீஸ்வரன் இவ போன்ல இருந்து எடுத்துப் பிரிண்ட் போட்டுக் குடுத்தான். போன் கடை வச்சிருக்கான்."

"காவல்காரர் அடுக்கின மூணு கல் கதை இங்க யாருக்குத் தெரியும்?"

"வந்த அன்னைக்குச் சாப்பிடும்போது இவகிட்டயும் மாரீஸ்வரன்கிட்டயும் சொன்னேன். பொறவு இம்மானுவேலுக்குத் தெரியும். எங்கூட அங்க வேலை பாத்தவன். சொந்த ஊரு ஸ்ரீவில்லிபுத்தூர். ரெண்டு மாசம் முன்னால வந்துட்டான்."

கடைசியில் கல்லைக் கேட்டாள். அவன் அதை மனைவி முன்னால் எடுக்கத் தயங்கினான். பாண்டீஸ்வரி தானாகவே காபி போட உள்ளே போனாள். கல் தவிட்டு நிறம். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் வட்டத்துக்கு ஏற்ற வளைவு. பெலிக்ஸ் வாங்கிப் பார்த்தான். வெயில் நேரத்திலும் சில்லென்றிருந்தது. சட்டென்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

*

"மச்சினன்தான்க்கா," என்றான் பெலிக்ஸ், பைக்கை உதைத்தபடி. "நூத்துக்கு நூறு."

"நீ இந்த வருசம் பிடிச்ச ஒன்பதாவது ஆளு. முன்னால பிடிச்ச எட்டுப் பேரும் நல்லவங்களாப் போயிட்டாங்க."

பழைய பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த மாரீஸ்வரனின் கடை நல்லவன் கடை போலத்தான் இருந்தது. ஆனால் அவன் வாய் நல்லதாக இல்லை. "மச்சானுக்குப் போக இஷ்டம் இல்லேன்னா அந்த வேலைக்கு என்னைச் சேத்துவிடச் சொல்லுங்க. நான் பேயோட குடித்தனமே நடத்துவேன்," என்று சிரித்தான். பெலிக்ஸ் கனகலட்சுமியை ஜாடையாகப் பார்த்தான். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. பிரிண்ட் போடும்போது படத்தை ஏன் வெட்டினாய்?

"எங்க அக்காதான் மூஞ்சி மட்டும் போதும்னா. பின்னால ஏதோ சிவப்புப் பலகை. அது வேண்டாமாம்."

*

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்குப் போகும் வழியில், மலை நெருங்கி வரும் இடத்தில், இம்மானுவேலின் அண்ணனுக்கு மாந்தோப்பு. தோப்பின் முனையில் வனத்துறையின் பலகை: சாம்பல் நிற அணில் வாழும் காடு, உள்ளே போகாதே, எதையும் எடுக்காதே. மரக்கிளையில் பூனை அளவுக்கு ஓர் அணில், நீண்ட வாலைத் தொங்கவிட்டு மாங்காய் கடித்துக்கொண்டிருந்தது.

"பாருங்க என் விதிய," என்றான் இம்மானுவேல். "அங்க கல்லைத் தொடக் கூடாதும்பாங்க. இங்க அணிலு. நம்ம மாங்காயத்தான் திங்குது, கல்லைத் தூக்கி எறிய முடியுமா? ஜெயிலு."

பெலிக்ஸ் கதவின் படத்தைக் காட்டினான். இம்மானுவேல் போனை வாங்கி, தள்ளிப் பிடித்து, கிட்டக் கொண்டுவந்து, நெற்றியைச் சுருக்கினான்.

"என்னது இது? அரபி மாதிரி இருக்கு. அரபி இல்லையே."

"உங்களுக்குப் படிக்க வருமா?"

"எழுத்துக் கூட்டிப் படிப்பேன். போர்மேன்ட்ட சீட்டு எழுதிக் குடுக்கவே கத்துக்கிட்டேன். இது எந்த எழுத்துமே இல்ல. எவனோ கிறுக்கியிருக்கான்."

கனகலட்சுமி தலையசைத்தாள். வேறெங்கோ பார்த்தபடி கேட்டாள். "அங்க என்ன நடந்துச்சு தம்பி? நீங்க ஏன் பாதியில வந்துட்டீங்க?"

 அணில் மாங்கொட்டையைக் கீழே போட்டது. அந்தச் சத்தத்துக்கு அவன் துள்ளிவிழுந்தான்.

"பலஜுக்குள்ள மண்ணு சரிஞ்சிச்சு. ஷபீக்னு ஒரு வங்காளி. லிங்கேஸ்வரனுக்கு ரொம்பத் தோஸ்து. உள்ள போனது அவங்க ரெண்டு பேரும். லிங்கேஸ்வரன் தண்ணி குடிக்க மேல ஏறி வந்தான். திரும்பிப் பாக்கான், கிணத்து வாயில தூசி கிளம்புது. அம்புட்டுதான். அவனை எடுக்க ஒன்றரை நாளாச்சு." மோவாயைத் தடவினான். "எனக்கு அதுக்கு மேல அங்க இருக்க முடியல. இவன் இருந்தான். வீட்டுக்குத் தெரியக் கூடாதுன்னு எங்கிட்ட வாக்கு வாங்கினான்."

"வாக்கைக் காப்பாத்துனீங்களா?"

இம்மானுவேல் மண்ணைப் பார்த்தான். "ஒருத்தர் போன் போட்டுக் கேட்டாக. அழுதுகிட்டே கேட்டாக. நான் சொன்னேங்கிறதை வெளிய விடக் கூடாதுன்னு சத்தியம் பண்ணச் சொல்லிட்டாக."

"பேரு வேண்டாம்," என்றாள் கனகலட்சுமி. "நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு லிங்கேஸ்வரன் வீட்டுக்கு வாங்க."

திரும்பும் வழியில் பெலிக்ஸ் பொரிந்து தள்ளினான். அரபி தெரிந்த ஒரே ஆள் இம்மானுவேல். வேண்டுமென்றே படிக்கத் தெரியாதது போல நடிக்கிறான். இல்லை, மச்சினன். இல்லை, இருவரும் கூட்டு. வீட்டுக்காரி மட்டும் கணக்கிலேயே இல்லை. மூன்று தடவையும் அவள் மில்லில்தான் இருந்தாள்.

"ஆமா," என்றாள் கனகலட்சுமி பின்சீட்டிலிருந்து. "மூணு தடவையும் நைட் ஷிப்ட் வாரம். பகல் ஷிப்ட் வாரத்துல ஒண்ணுகூட நடக்கல. வண்டிய நிப்பாட்டு. அந்தப் படத்தை எடு."

அவள் போனை வாங்கி, பைக்கின் பக்கக் கண்ணாடிக்கு நேரே பிடித்தாள். கண்ணாடியைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். என்ன பார்த்தாள் என்று சொல்லவில்லை.

சாயங்காலம் பெலிக்ஸ் தன் வீட்டுப் படியேறியபோது மூன்றாவது படியில் மூன்று கூழாங்கற்கள் கிடந்தன.  அப்படியே கைப்பிடிச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். பக்கத்து வீட்டுப் பெண் குழந்தை வந்து, "அது என் தட்டாங்கல்லு மாமா," என்று பொறுக்கிக்கொண்டு போனது. அவன் நெடுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தான். ஒரு நாள் கேட்ட கதைக்கே இப்படி. நான்கு வாரமாக இதோடு படுத்து எழும்பிய மனிதனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

*

புதன்கிழமை காலை எட்டு மணி. கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள். பாண்டீஸ்வரி ஷிப்ட் முடிந்து வந்து முகம் கழுவியிருந்தாள். மாரீஸ்வரன் கடை திறக்க நேரமாகிறது என்று முனகினான். இம்மானுவேல் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கனகலட்சுமி பேசுவதற்கு முன் லிங்கேஸ்வரன் எழுந்தான். கையில் அந்தக் கல். முதல் முறையாக எல்லார் முன்னாலும்.

"நான் திருடிட்டு வந்தேன். இதுதான். ராத்திரி முழுக்க யோசிச்சுட்டேன். வெள்ளிக்கிழமை போறேன். எடுத்த இடத்துலயே வச்சிருறேன். ஜெயில்ல போட்டாலும் சரி. வச்சாத்தான் இது என்னைய விடும்."

பாண்டீஸ்வரியின் கையிலிருந்த டம்ளர் சாய்ந்து, காபி தரையில் ஓடியது. அவள் அதைத் துடைக்கக் குனியவில்லை.

"உக்காருங்க தம்பி," என்றாள் கனகலட்சுமி. "எதுவும் உங்களைத் தேடி வரல. செத்தவங்களும் வரல, சாலிமும் வரல." அவள் தன் பையிலிருந்து ஒரு சாம்பிராணிக் கட்டியும், துண்டு வலைத்துணியும், நூலும் எடுத்து மாரீஸ்வரனிடம் நீட்டினாள். "இதைப் பொட்டலமாக் கட்டுங்க."

அவன் விழித்தான். கட்டினான். பெரிய இரட்டை முடிச்சு, நுனி இரண்டும் காது போல நீட்டிக்கொண்டு நின்றன. இம்மானுவேலிடமும் கொடுத்தாள். அவன் சாரத்துக் கம்பு கட்டுவது போல நான்கு சுற்றுச் சுற்றி இறுக்கினான்.

பழைய பொட்டலத்தை அவற்றின் பக்கத்தில் வைத்தாள். கடுகளவு முடிச்சு.

"அதை அப்புறம் பாப்போம். மொதல்ல கதவு. அரபி வலமிருந்து இடமா எழுதுவாங்க. எழுதத் தெரிஞ்சவன் செங்கலை வலப்பக்கம் வச்சு அழுத்தித் தொடங்குவான். இங்க கனம் இடப்பக்கம். நாம தமிழ் எழுதுற மாதிரி எழுதியிருக்கு. அப்ப அரபி தெரியாத கை. எங்கேயோ பாத்து வரைஞ்ச கை. இம்மானுவேல் இல்ல."

இம்மானுவேல் மூச்சு விட்டான்.

"ரெண்டாவது, இம்மானுவேலுக்கு அதைப் படிக்க முடியல. எனக்கும் முடியல. ஏன்னா அது தலைகீழ் இல்ல, பக்கம் மாறிக் கிடக்கு. கண்ணாடியில காட்டுனா நல்லாப் படிக்கலாம். பக்கம் மாறின எழுத்தை எங்க பாத்து வரைய முடியும்?" அவள் சுவரைக் காட்டினாள். "தம்பி, வாட்ச் எந்தக் கையில கட்டுவீங்க?"

லிங்கேஸ்வரன் தன் இடக்கையைப் பார்த்தான். பிறகு படத்தைப் பார்த்தான்.

"தன்னைத்தானே எடுக்கிற படத்தைச் சில போன் கண்ணாடி மாதிரித் திருப்பித்தான் சேமிக்கும். வாட்ச் வலக்கைக்குப் போயிரும். பின்னால இருக்கிற பலகையும் திரும்பிரும். கதவுல எழுதினவங்க அந்தப் பலகைய நேர்ல பாத்ததில்ல. இந்தப் படத்துல மட்டும்தான் பாத்திருக்காங்க. சட்டத்துக்குள்ள இருக்கிறதுல பலகை இல்ல. முழுப்படம் இருக்கிறது ரெண்டு பேர்கிட்ட."

"ஏய், நான் இல்ல!" மாரீஸ்வரன் துள்ளி எழுந்தான். "யக்கா, சொல்லுக்கா! நான் சும்மா வாய்க்கொழுப்புக்குப் பேசினேன், அம்புட்டுதான்!"

"நீங்க இல்ல. தெனம் படம் எடுக்கிற ஆளு. பக்கம் மாறியிருக்கிறது தெரிஞ்சு திருப்பி எழுதியிருப்பீங்க. அதோட உங்க முடிச்சைப் பாத்தாச்சு." கனகலட்சுமி சின்னப் பொட்டலத்தைக் கையில் எடுத்தாள். "தறியில இழை அறுந்தா, தறி நிக்கிறதுக்குள்ள விரல் போடுற முடிச்சு இது. இதைவிடப் பெருசாப் போட்டாத் தறியில சிக்கும். மஸ்கட்ல நான் பிரிச்ச கட்டுத் துணியில இந்த முடிச்சைத் தேடியிருக்கேன். கண்ணுக்கே தெரியாது. அம்புட்டு நல்ல கை."

பெலிக்ஸுக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றுசேர்ந்தது. மூன்று விடியற்காலையிலும் அவள் மில்லில் இல்லை. ஆறு மணிக்கு வேன் இறக்கிவிட்டது. புருஷன் கதவைத் திறக்கும்வரை வாசலில் வெளியே இருந்த ஒரே ஆள் அவள்தான். வைத்துவிட்டு, அவளே அலறியிருக்கிறாள்.

யாரும் அவள் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

"நான்தான்," என்றாள் பாண்டீஸ்வரி.

லிங்கேஸ்வரன் அவளைப் பார்த்தான். கோபமா, நிம்மதியா என்று தெரியாத முகம். "ஏட்டி... நாலு வாரமா நான் செத்துச் செத்துப் பொழைச்சேன். தெரியுமா ஒனக்கு?"

"தெரியும். பக்கத்துல படுத்துக்கிட்டு எண்ணிக்கிட்டுக் கெடந்தேன், எத்தனை தடவ முழிக்கீகன்னு." அவள் குரல் உடையவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நான் வெறும் நாலு வாரம் பயம் காட்டினேன். நீங்க அந்தக் குழிக்குள்ள எறங்குதீகன்னு தெரிஞ்ச நாள்ல இருந்து நான் எம்புட்டு நாள் பயந்தேன்னு கேட்டீகளா? போன்ல கேட்டேன், என்ன வேலைன்னு. சுவரு கட்டுதேன்னீக. வந்த அன்னைக்குக் கேட்டேன், போகாதீகன்னு. சிரிச்சீக. பக்கத்து ரூம்பு முடியட்டும்னீக. பெட்டிய ஒழிக்கும்போது கைலிக்குள்ள கல்லைப் பாத்தேன். அந்தப் பெரியவர் சொன்ன கதை ஞாபகம் வந்துச்சு. நான் சொன்னாக் கேக்க மாட்டீக. செத்தவுக சொன்னாக் கேப்பீகன்னு நெனைச்சேன்."

அவள் கல்லைப் பார்த்தாள். "இப்ப அதுக்கே போறேன்னு நிக்கீக. நானே உங்களை அனுப்பி வைக்கிறேன்."

 காபி வழிந்து வாசல்வரை போயிருந்தது.

"அது திருடணும்னு எடுத்தது இல்ல," என்றான் லிங்கேஸ்வரன் மெதுவாக. கட்டை விரல் கல்லின் வளைவில் போய்ப் படிந்தது. "ஷபீக்கும் கொத்தனாருதான். சரிஞ்ச குவியல்ல இருந்து இதை எடுத்துக் காட்டினான். பாரு, எவனோ ஒருத்தன் ஐயாயிரம் வருசம் முன்னால தட்டியிருக்கான், உன் கைவாட்டம் மாதிரியே இருக்குன்னான். மறுநா அவன் இல்ல. எண் போட்டுப் படம் பிடிக்கிறதுக்கு முன்னால நான் எடுத்துட்டேன். அவனைப் பத்தி எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல." கல்லைப் புரட்டினான். "தண்ணி குடிக்க ஏற வேண்டியது அவன். எனக்குத் தாகம்னு நான் ஏறினேன்."

பாண்டீஸ்வரி எழுந்து போய் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தொடவில்லை. பக்கத்தில் இருந்தாள்.

கனகலட்சுமி பேசினாள். "கல் அதோட இடத்துக்குப் போகணும். அதுல மாத்தம் இல்ல. ஆனா நீங்கதான் கொண்டுபோகணும்னு இல்ல. அவங்க தூதரகத்துக்கு நான் அரபியில கடுதாசி எழுதித் தாரேன். எந்த இடம், எந்த வரிசை, எந்தக் குவியல், எல்லாம் நீங்க சொல்லுங்க. உங்க பேரும் இருக்கும். ஷபீக் பேரும் இருக்கும். பதில் என்ன வந்தாலும் நான் கூட நிக்கிறேன். வெள்ளிக்கிழமை போறதும் போகாததும் உங்க பாடு."

அவன் கல்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

விடைபெறும்போது வாசலில் பாண்டீஸ்வரி கனகலட்சுமியை நிறுத்தினாள். கையில் ஈரத்துணி, கதவைத் துடைக்க.

"அக்கா, இது என்ன வார்த்தை? படத்துல செவப்புப் பலகையில இருந்துச்சு. செவப்பா இருந்தா வேண்டாம்னுதான் அர்த்தம் இருக்கும்னு வரைஞ்சேன்."

"மம்னூ. கூடாது, தடைன்னு அர்த்தம்."

"அதையும் தப்பாத்தான் எழுதியிருக்கேன்."

லிங்கேஸ்வரன் அவளுக்குப் பின்னால் வந்து நின்றான். கதவைப் பார்த்தான். சுவரையும் கதவையும் இரண்டு பக்கமும் பார்த்துப் பழகிய கொத்தனாரின் கண். அவன் கதவைத் தாண்டி வீட்டுக்குள் போனான். உள்பக்கம் நின்று, வெறும் மரத்தில், அந்தச் சொல் இருக்கும் இடத்தில் உள்ளங்கையை வைத்தான்.

"வெளியிலிருந்து பாத்தாத்தான் தப்பு," என்றான். "உள்ள நிக்கிறவனுக்கு இது சரியாத்தான் எழுதியிருக்கு."

அவள் கையிலிருந்த ஈரத்துணி அப்படியே நின்றது.

வெள்ளிக்கிழமை பிற்பகல், கடிதத்தில் அவன் கையெழுத்து வாங்கப் பெலிக்ஸ் அந்தத் தெருவுக்குப் போனான். தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டான். போயிருப்பானோ என்ற பயம். கதவு சாத்தியிருந்தது. அதில் அந்தச் செங்கல் எழுத்து அழியாமல் இருந்தது. பக்கவாட்டில், இடுப்பளவு எழும்பி நின்ற சுவருக்குப் பின்னாலிருந்து, கரண்டி செங்கலைத் தட்டும் சத்தம் கேட்டது. ஒரு தட்டு. இடைவெளி. இன்னொரு தட்டு.